கறுப்பினப் பழமைவாதிகளை இன முத்திரை குத்தாமல் விமர்சிப்பது எப்படி

2021 ஏப்ரல் 28 அன்று இரவு, அதிபர் ஜோ பைடன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரைக்குக் குடியரசுக் கட்சியின் சார்பில் மறுமொழி சொல்லும் பொறுப்பு, தென் கரோலினாவின் கறுப்பின செனட் உறுப்பினர் டிம் ஸ்காட்டிடம் கொடுக்கப்பட்டது. அமெரிக்கா இனவெறி நாடு அல்ல என்று அவர் அந்த உரையில் சொன்னார். காரணமே இல்லாமல் காவலர்கள் காரை நிறுத்தும்போதும், கடைக்குள் தம்மை யாரோ பின்தொடரும்போதும் ஏற்படும் வேதனையைத் தாம் அறிவேன் என்றும் அதே உரையில் சொன்னார். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் எப்படிப் பொருந்துகின்றன என்று கேட்டு ஒரு நல்ல விவாதத்தைத் தொடங்கியிருக்கலாம். ஆனால் அன்றிரவு ட்விட்டரில் பரவியது அந்தக் கேள்வி அன்று. இனத்தைக் காட்டிக்கொடுப்பவர் என்று பொருள்படும் "அங்கிள் டாம்" என்ற பழைய வசையை அவர் பெயருக்கேற்பத் திரித்த "அங்கிள் டிம்" என்ற இரண்டு சொற்கள்தாம். பல மணி நேரத்திற்குப் பிறகே அந்த நிறுவனம் அச்சொற்களை அதிகம் பேசப்படுபவற்றின் பட்டியலிலிருந்து நீக்கியது.

அமெரிக்க அரசியலைத் தமிழில் எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், பகிர்பவர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். டிம் ஸ்காட்டின் அரசியலை ஏற்க வேண்டும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கறுப்பினப் பழமைவாதி ஒருவரின் கொள்கையை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் தாக்கலாம். ஆனால் அதே கொள்கையுடைய வெள்ளையர் ஒருவரைத் தாக்கும்போது எந்த வாக்கியங்களை எழுதுவோமோ, அந்த வாக்கியங்களைக் கொண்டே இவரையும் தாக்க வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த விதி, எழுத உட்கார்ந்தால் பல இடங்களில் இடறுகிறது. அந்த இடங்களையே கீழே ஒவ்வொன்றாகக் காட்ட முயல்கிறேன்.

இன முத்திரை என்று நான் இங்கே குறிப்பிடுவது, ஒருவருடைய நிறத்தைப் பார்த்தே அவர் எப்படிச் சிந்திக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டு, அந்த முடிவுக்கு அவர் ஒத்துவராதபோது அவர் அசலான கறுப்பினத்தவரே அல்லர் என்றோ, சொந்தமாகச் சிந்திக்கத் தெரியாதவர் என்றோ, விலைபோனவர் என்றோ ஒதுக்கிவிடுவதை.

வசைச்சொல்லின் உள்ளே இருக்கும் குற்றச்சாட்டைப் பிரித்தெடுங்கள்

"அங்கிள் டாம்" என்ற வசையின் வேர் 1852இல் வெளிவந்த ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் நாவலில் இருக்கிறது. அந்நாவலில் வரும் டாம் தன் இனத்தைக் காட்டிக்கொடுப்பவர் அல்லர். தப்பியோடிய இரண்டு அடிமைப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்ல மறுத்ததற்காக அவர் அடித்தே கொல்லப்படுகிறார். பின்னாளில் அந்த நாவலை மேடையேற்றிய எண்ணற்ற குழுக்கள் டாமைக் குனிந்து குழையும் கிழவராக மாற்றின. இன்று வசையாகப் புழங்குவது அந்த மேடை டாம்தான். காட்டிக்கொடுக்க மறுத்து உயிரைவிட்ட ஒருவரின் பெயர் காட்டிக்கொடுப்பவரைக் குறிக்கும் சொல்லாகிப் போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

"வீட்டு அடிமை" என்ற இன்னொரு வசைக்கு அரசியல் கூர்மை தந்தவர் மால்கம் எக்ஸ். 1963 நவம்பரில் டெட்ராய்ட்டில் பேசும்போது, எசமானின் வீட்டுக்குள் வாழ்ந்து அவர் நலனையே தன் நலனாகக் கருதும் அடிமையையும், வயலில் உழைத்து அவரை வெறுக்கும் அடிமையையும் அவர் எதிரெதிரே நிறுத்தினார். அது ஒரு போராட்டத்தின் நடுவில், தம் மக்களிடையே நின்று, தலைவர் ஒருவர் பயன்படுத்திய உருவகம். 2002 அக்டோபரில் பாடகர் ஹாரி பெலஃபான்டே ஒரு வானொலி நேர்காணலில் அதே உருவகத்தைக் கறுப்பினத்தவரான அமெரிக்க வெளியுறவுச் செயலர் காலின் பவல்மீது வீசினார். பவல் தந்த பதிலை இந்தத் துறையில் எழுத வரும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். தம் அரசியலைத் தாக்கியிருந்தால் சரி, தாம் எடுத்த ஒரு நிலைப்பாட்டைத் தாக்கியிருந்தாலும் சரி, ஆனால் அடிமை முறையைக் கொண்டு ஒப்பிட்டது வருந்தத்தக்கது என்பதே அவர் பதிலின் சாரம்.

அதற்கு நான்கு மாதங்களுக்குப் பிறகு, 2003 பிப்ரவரி 5 அன்று, இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக ஐ.நா. பாதுகாப்பு அவையில் பவல் வாதிட்டார். அவர் முன்வைத்த சான்றுகள் பொய்த்துப்போயின. அந்த உரை தம் வரலாற்றில் ஒரு கறை என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். பவலை விமர்சிக்க அதைவிட வலுவான இடம் கிடையாது. அங்கே எழும் கேள்விகள் உளவுத் தகவலைப் பற்றியவை, ஒரு மூத்த படைத்தளபதி தம் ஐயங்களை ஏன் அடக்கிக்கொண்டார் என்பதைப் பற்றியவை. "வீட்டு அடிமை" என்ற சொல் இவற்றில் எந்தக் கேள்வியையும் எழுப்புவதில்லை. இவர் ஏன் அவர்களோடு இருக்கிறார் என்று மட்டுமே கேட்கிறது.

எனவே வசை ஒன்று கண்ணில் பட்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அது எதைக் குற்றமாகச் சொல்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை என்று பொருள்படும் "ஓரியோ" அசல்தன்மையைத் தாக்குகிறது. "பொம்மை", "மேடைப் பொருள்", "கணக்குக் காட்ட வைத்திருக்கும் ஆள்" போன்றவை சுயசிந்தனையை மறுக்கின்றன. 2023 ஜனவரியில் பிரதிநிதிகள் அவையின் தலைவர் தேர்தலில் ஃபுளோரிடாவின் கறுப்பினக் குடியரசுக் கட்சி உறுப்பினர் பைரன் டானல்ட்ஸின் பெயர் முன்மொழியப்பட்டபோது, ஜனநாயகக் கட்சி உறுப்பினர் கோரி புஷ் அவரை ஒரு மேடைப் பொருள் என்றே எழுதினார். டானல்ட்ஸை நிறுத்தியவர்களின் நோக்கத்தைக் கேள்வி கேட்பது வேறு; டானல்ட்ஸுக்கு நோக்கமே இருக்க முடியாது என்பது வேறு. முன்னதற்குச் சான்று தேடலாம். பின்னது சான்றுக்கே இடம் தராத தீர்ப்பு.

தமிழில் எளிதாக வந்து விழும் சொற்கள்

ஆங்கில வசைகளைத் தவிர்த்துவிட்டோம் என்று நாம் நிம்மதி அடைய முடியாது. நம் மொழியிலேயே அவற்றுக்கு ஈடான சொற்கள் நாவின் நுனியில் காத்திருக்கின்றன. கோடரிக்காம்பு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மரத்தை வெட்டும் கோடரிக்குக் காம்பாக அமைந்ததும் மரமே என்ற அந்த உருவகம் அழகானது, கூர்மையானது, நம் அரசியல் எழுத்தில் நன்கு பழகியது. ஆனால் மரமாகப் பிறந்த ஒரே காரணத்தால் அது காட்டுக்குக் கடமைப்பட்டது என்ற முடிவு அதற்குள்ளேயே பொதிந்திருக்கிறது. கறுப்பினத்தவர் ஒருவரைக் கோடரிக்காம்பு என்று எழுதும் கணத்தில், அவர் என்ன நினைக்கலாம் என்பதை அவருடைய பிறப்பு தீர்மானித்துவிட்டதாக நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

ஊதுகுழல் என்றால் மூச்சு வேறொருவருடையது. கைப்பாவை என்றால் கை வேறொருவருடையது. அடிவருடி, எடுபிடி, ஏவலாள் ஆகிய மூன்றும் வேலைக்காரரைக் குறிக்கும் சொற்கள். வேறு யாரையாவது பற்றி எழுதும்போது இவை வெறும் அரசியல் காரமாகக் கடந்துபோகலாம். தம் கொள்ளுத்தாத்தா சொத்துப் பட்டியலில் ஒரு பொருளாக எழுதப்பட்டிருந்த குடும்பத்தில் பிறந்த ஒருவரைப் பற்றி எழுதும்போது, அதே சொற்கள் நாம் நினைத்ததைவிடப் பன்மடங்கு அதிகமாகச் சொல்லிவிடுகின்றன.

சொற்களைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. நானே பலமுறை அங்கே தவறியிருக்கிறேன். "கறுப்பினத்தவராக இருந்தும்" என்பதில் வரும் அந்த "உம்"தான் அது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரைப் பற்றிய இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "கறுப்பினத்தவராக இருந்தும், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதை எதிர்ப்பவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ்." இதில் வசை எதுவும் இல்லை, தகவலும் சரியானது. ஆயினும் அந்த ஓர் இடைச்சொல், கறுப்பினத்தவர் என்றால் இதை ஆதரித்தாக வேண்டும், இவர் முறை தவறியவர் என்று வாசகரின் காதில் ஓதிவிடுகிறது. அதை நீக்கி எழுதினால் வாக்கியம் இப்படி அமையும்: "பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதை 2003இலேயே எதிர்த்துத் தீர்ப்புரை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு வழக்கில் பெரும்பான்மையோடு சேர்ந்ததுடன், தனியாகவும் ஒரு கருத்துரை எழுதினார்." இரண்டாவது வாக்கியம் நீளமானதுதான், ஆனால் வாசகருக்கு மூன்று உண்மைகளைக் கூடுதலாகத் தருகிறது, ஒரு முன்முடிவைக் குறைத்துத் தருகிறது.

அப்படியானால் அவர் கறுப்பினத்தவர் என்பதையே குறிப்பிடக் கூடாதா என்று கேட்கலாம். அவரே அதைத் தம் வாதத்தின் பகுதியாக ஆக்கியிருக்கும் இடத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். 1974இல் யேல் சட்டப் பள்ளியில் பட்டம் பெற்ற தாமஸ், இனத்தின் அடிப்படையில் இடம் கிடைத்தவர் என்ற எண்ணத்தால் அந்தப் பட்டத்தின் மதிப்பைப் பிறர் குறைத்தே பார்த்தனர் என்றும், அந்தக் கசப்பில் ஒரு சுருட்டுப் பொட்டலத்தின் 15 சென்ட் விலைச்சீட்டைப் பட்டத்தின் சட்டகத்தில் ஒட்டிவைத்ததாகவும் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இங்கே அவருடைய நிறமும் அனுபவமும் அவருடைய வாதத்தின் உடலாகவே இருக்கின்றன. அந்த விலைச்சீட்டைப் பற்றி எழுதலாம். அந்த அனுபவத்திலிருந்து அவர் வந்தடைந்த முடிவு சரிதானா, அதே வழியில் வந்த வேறு பலர் ஏன் அந்த முடிவுக்கு வரவில்லை என்றும் கேட்கலாம்.

"பழமைவாதி" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழில் அது ஆசாரத்தையும் சடங்கையும் விடாதவர் என்ற நிழலோடு வருகிறது. அமெரிக்கச் சூழலில் அது குறைந்த வரி, அரசின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்துதல், தேவாலயம் சார்ந்த குடும்ப ஒழுக்கம், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை, அரசியல் சட்டத்தை எழுதப்பட்ட காலத்துப் பொருளிலேயே படித்தல் எனப் பல கிளைகளைக் கொண்டது. பொருளியலாளர் தாமஸ் சோவல் சந்தைப் பொருளாதாரத்தின் வழியே அங்கு வந்தவர். கிளாரன்ஸ் தாமஸ் கல்லூரிக் காலத்தில் மால்கம் எக்ஸின் உரைகளில் ஆழ்ந்து, கறுப்பின மாணவர் சங்கத்தில் செயல்பட்டு, அதன் பிறகு வந்தவர். முடிந்த இடத்திலெல்லாம் "பழமைவாதி" என்று பொதுவாக எழுதி நிறுத்தாமல், எந்தக் கொள்கையில் பழமைவாதி என்று எழுதுங்கள். முத்திரையின் பாதி வலு அப்போதே போய்விடும்.

செயலேட்டைப் படித்த பிறகு எழுதுங்கள்

பல ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைப் பற்றி நான் எழுதிய ஓர் அறிமுகக் கட்டுரையில், தாமஸை, அவரோடு அங்கே பணியாற்றிய வெள்ளையரான பழமைவாத நீதிபதி ஒருவரைச் சுட்டி, "நீதிபதி ஸ்காலியாவின் நிழல்" என்று குறிப்பிட்டிருந்தேன். எந்தத் தீர்ப்பை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியபோது, என்னிடம் பதில் இல்லை. நான் தாமஸின் தீர்ப்புரை ஒன்றைக்கூட முழுமையாகப் படித்திருக்கவில்லை. பலரும் எழுதியதை நானும் எழுதியிருந்தேன். அதன் பிறகு உட்கார்ந்து படித்தவற்றில் இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் மருத்துவத் தேவைக்காக வீட்டில் கஞ்சா வளர்ப்பவர்களை மத்திய அரசு தடுக்க முடியுமா என்ற ரைச் வழக்கில், 2005இல் ஸ்காலியா மத்திய அரசின் பக்கம் நின்றார். தாமஸ் அதை எதிர்த்து மாறுபட்ட தீர்ப்புரை எழுதினார். உள்ளூரில் வளர்த்து உள்ளூரிலேயே பயன்படுத்துவதைக்கூட மத்திய அரசு ஒழுங்குபடுத்தலாம் என்றால், அந்த அரசின் அதிகாரத்துக்கு எல்லையே இல்லாமல் போய்விடும் என்பது அவர் வாதம். நிழல் தன் உடலுக்கு எதிர்த்திசையில் நடப்பதில்லை.

இரண்டாவது, சிலுவை எரிப்பு பற்றிய வர்ஜீனியா வழக்கு. 2002 டிசம்பரில் வாய்மொழி வாதம் நடந்த அன்று, வழக்கமாக மௌனமாக இருக்கும் தாமஸ் குறுக்கிட்டு, தென்மாநிலங்களில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கறுப்பினத்தவர்மீது நடந்த பயங்கரத்தின் அடையாளம் எரியும் சிலுவை என்று பேசினார். அவையே அடங்கிப்போயிற்று என்று அன்றைய செய்திகள் பதிவு செய்தன. 2003 ஏப்ரலில் தீர்ப்பு வந்தபோது, மிரட்டும் நோக்கத்தோடு எரிப்பதை மாநிலம் தண்டிக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட பெரும்பான்மை, அச்சட்டத்தின் ஒரு பகுதி பேச்சுரிமைக்கு முரணானது என்று கருதியது. அச்சட்டம் தடுப்பது பேச்சையே அன்று, செயலை என்று தாமஸ் தனியாக மாறுபட்டார். ஜார்ஜியாவின் பின் பாயிண்ட்டில் 1948இல் பிறந்து, இனப்பிரிவினைக் காலத்து சவானாவில் வளர்ந்த ஒருவரின் நினைவு அந்தத் தீர்ப்புரையில் இருக்கிறது. அவர் "தம் இனத்தை மறந்தவர்" என்று எழுத நினைப்பவர், முதலில் இதைப் படித்துவிட்டு எழுதட்டும்.

2006 பிப்ரவரியிலிருந்து 2016 பிப்ரவரி வரை பத்து ஆண்டுகள் தாமஸ் வாதத்தின்போது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதை அறிவின்மை என்றும் சோம்பல் என்றும் எழுதியவர்கள் பலர். இவ்விரண்டும் கறுப்பினத்தவர்மீது இனவெறியர்கள் காலங்காலமாக ஏற்றிவந்த குறைகளே என்பதை எழுதியவர்கள் கவனிக்கவில்லை என்றே நம்ப விரும்புகிறேன். சிறு வயதில், ஜார்ஜியா கடலோரக் கறுப்பினத்தவரின் பேச்சான தம் கீச்சி வட்டார வழக்கைப் பிறர் கேலி செய்ததால் பேசுவதைவிடக் கேட்கும் பழக்கம் வளர்ந்தது என்று அவர் ஒருமுறை மாணவர்களிடம் சொன்னார். வழக்கறிஞர்களைப் பேசவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். 2020இல் தொலைபேசி வழியே வாதங்கள் தொடங்கி, நீதிபதிகள் வரிசைமுறையில் கேட்கும் ஏற்பாடு வந்ததும், அவர் தவறாமல் கேட்கத் தொடங்கினார். இந்த விளக்கங்கள் போதாது, பத்து ஆண்டு மௌனம் ஒரு நீதிபதிக்கு அழகன்று என்று வாதிட யாருக்கும் உரிமை உண்டு. அது மௌனத்தைப் பற்றிய வாதமாக இருக்க வேண்டும்.

டிம் ஸ்காட்டின் செயலேட்டிலும் இப்படி முத்திரைக்குள் அடங்காத பக்கங்கள் உண்டு. 2016 ஜூலையில் அவர் செனட்டில் ஆற்றிய உரையில், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருந்தபோதே ஒரே ஆண்டில் ஏழு முறை காவலர்கள் தம்மை நிறுத்தியதைச் சொன்னார். 2018 நவம்பரில், வட கரோலினாவில் கறுப்பின வாக்காளர்களை மிரட்டிய ஒரு தேர்தல் நடவடிக்கையோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட தாமஸ் ஃபார் என்பவரை நீதிபதியாக்கும் தம் கட்சி அதிபரின் முயற்சியை எதிர்த்து, அந்த நியமனத்தையே வீழ்த்தினார். "சொன்னதைச் செய்பவர்" என்ற சித்திரத்தோடு இது பொருந்தாது. அதே வேளையில் அவர் கட்சியோடு நின்ற வாக்கெடுப்புகளே மிகப் பெரும்பான்மை என்பதும் உண்மை. அதையும் எண்ணி எழுதுங்கள்.

படமும் தலைப்பும்

கட்டுரையில் காட்டும் கவனம் படத்திலும் தலைப்பிலும் பெரும்பாலும் தளர்ந்துவிடுகிறது. 2004இல் காண்டலீசா ரைஸ் வெளியுறவுச் செயலராக முன்மொழியப்பட்ட நாட்களில், அவரைத் தடித்த உதடுகள் கொண்ட கிளியாக வரைந்து அதிபர் புஷ்ஷின் கையில் உட்காரவைத்த கேலிச்சித்திரம் ஒன்று வந்தது. அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தலைவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்த ஒருவர், இராக் போரைப் பற்றிச் சொன்னவற்றுக்குத் தாமே பொறுப்பாளி. கிளியாக வரைந்தபோது அந்தப் பொறுப்பிலிருந்தே அவர் விடுவிக்கப்பட்டார். கிளியிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. 1996இல் கறுப்பினச் செய்தி இதழான எமர்ஜ், தாமஸைப் பணக்கார வீடுகளின் புல்வெளியில் நிற்கும் கறுப்புப் பணியாள் பொம்மையாக அட்டையில் போட்டது. அந்த இதழின் கோபத்துக்கு அடியில் இருந்த வாக்குரிமைத் தீர்ப்புகளைப் பற்றி வாதம் செய்ய நிறையவே இருந்தது. பலர் நினைவில் இன்றும் நிற்பது பொம்மை மட்டுமே.

2021இல் கலிபோர்னியா ஆளுநரைத் திரும்ப அழைக்கும் தேர்தலில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கறுப்பின வேட்பாளர் லாரி எல்டர் போட்டியிட்டபோது, லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் வெளியிட்ட ஒரு பத்தியின் தலைப்பு அவரை வெள்ளை மேலாதிக்கத்தின் கறுப்பு முகம் என்றது. எழுதியவரும் கறுப்பினப் பெண்மணியே. பத்தியின் உள்ளே எல்டரின் கொள்கைகள் மீதான எதிர்ப்பும் இருந்தது. ஆனால் பத்தியைப் படிக்காத பல்லாயிரம் பேரையும் தலைப்பு சென்றடைந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டமே வேண்டாம் என்பது எல்டரின் நிலைப்பாடு. கூலித் தொழிலாளி ஒருவருக்கு அதைவிட முக்கியமான தகவல் அந்தத் தேர்தலில் என்ன இருந்திருக்க முடியும்? தலைப்பில் இடம்பெற வேண்டியது அதுதான். செப்டம்பர் 8 அன்று, கொரில்லா முகமூடி அணிந்த ஒருவர் வெனிஸ் பகுதியில் எல்டரை நோக்கி முட்டை எறிந்தார். இத்தகைய நிகழ்வைச் செய்தியாக்கும்போது, முகமூடி எது என்பதை மறைக்காமல் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். கறுப்பினத்தவரைக் குரங்கோடு ஒப்பிடும் பழைய இழிவு யார்மீது எறியப்பட்டாலும் இழிவுதான்.

புகழ்ச்சியிலும் முத்திரை உண்டு

இதுவரை சொன்னவை பெரும்பாலும் இடதுபக்கத்திலிருந்து வந்த முத்திரைகள். வலதுபக்கத்திலும் அதே முத்திரை, மாலை போட்டு வரவேற்கும் வடிவத்தில் இருக்கிறது. 2011இல் கறுப்பினத்தவரான ஹெர்மன் கெயின் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்றபோது, பழமைவாத எழுத்தாளர் ஆன் கூல்டர், எங்கள் கறுப்பினத்தவர் அவர்களுடைய கறுப்பினத்தவரைவிட எவ்வளவோ மேல் என்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் சொன்னார். 2016இல் கலிபோர்னியாவின் ரெடிங் நகரக் கூட்டத்தில் டொனால்ட் டிரம்ப், கூட்டத்திலிருந்த ஒருவரைக் காட்டி, என் ஆப்பிரிக்க அமெரிக்கரைப் பாருங்கள் என்றார். "எங்கள்", "என்" ஆகிய உடைமைச் சொற்களைக் கவனியுங்கள். நீங்கள் மொழிபெயர்க்கும் செய்தியில் இவை வந்தால், மென்மையாக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

கறுப்பின வாக்காளர்கள் ஜனநாயகக் கட்சியின் "தோட்டத்தில்" அடிமைகளாக இருக்கிறார்கள் என்று கறுப்பினப் பழமைவாதிகள் சிலரே பேசுகிறார்கள். இதுவும் அதே வசையின் மறுபக்கம். கோடிக்கணக்கானவர்கள் சிந்தித்து அளிக்கும் வாக்கை அடிமைத்தனம் என்பது, ஒரு நீதிபதியின் தீர்ப்பை அடிமைத்தனம் என்பதைவிட எந்த விதத்திலும் மேலானதன்று. 2020 மே மாதம், தமக்கா டிரம்புக்கா வாக்களிப்பது என்று தீர்மானிக்கத் தடுமாறுபவர் கறுப்பினத்தவரே அல்லர் என்று பைடன் ஒரு வானொலி நிகழ்ச்சியில் சொல்லிவிட்டு, அன்றே வருத்தம் தெரிவித்தார். அந்த வாக்கியத்தையும் "தோட்டம்" என்ற பேச்சையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டுமே கறுப்பினத்தவரின் வாக்கு யாருக்கோ சொந்தம் என்ற ஒரே நம்பிக்கையில் நிற்பது தெரியும்.

முத்திரையைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொண்டு, எந்த விமர்சனத்தையும் இனவெறி என்று தள்ளிவிடும் பழக்கமும் இருக்கிறது. 1991இல் செனட் விசாரணையில் தம்மீதான பாலியல் தொந்தரவுக் குற்றச்சாட்டை, நிமிர்ந்து நிற்கும் கறுப்பினத்தவரை உயர் தொழில்நுட்பத்தால் தூக்கிலிடும் செயல் என்று தாமஸ் வருணித்தார். குற்றம் சாட்டிய அனிட்டா ஹில்லும் கறுப்பினத்தவர்தான் என்பது அந்த உருவகத்தின் வேகத்தில் மறைந்துபோனது. 52க்கு 48 என்ற வாக்குகளில் அவருடைய நியமனம் உறுதியானது. தாமஸ் நீண்டகாலமாகப் பெற்றுவந்த ஆடம்பரப் பயணங்களைப் பற்றி 2023இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் வெளியிட்ட செய்திகள், எந்த நிற நீதிபதியைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்விகளையே கேட்டன. அவற்றை இன முத்திரை என்று எழுதுவது பிழை. வட கரோலினாவின் துணை ஆளுநராக இருந்த கறுப்பினத்தவர் மார்க் ராபின்சனின் கதையில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. 2021 தொடக்கத்தில், அவரும் இடம்பெற்றிருந்த மாநிலக் கல்வி வாரியத்தின் குடியரசுக் கட்சியினரை, வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் முகமூடி அணிந்த யானையாக (யானை அக்கட்சியின் சின்னம்) ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் கேலிச்சித்திரம் காட்டியது; அதை அவர் எதிர்த்தது நியாயமே. அதே ஆண்டு ஒரு தேவாலயத்தில் ஒருபாலீர்ப்பாளரை அவர் அசுத்தம் என்று பேசியதைக் கண்டித்தவர்களுக்கும் அதே அளவு நியாயம் இருந்தது.

சொல்பவர் யார் என்பதும் செய்தியே

ஒரே வசையைக் கறுப்பினத்தவர் தம்மிடையே சொல்வதும், வெளியாள் சொல்வதும் ஒன்றல்ல. 1956இல் கறுப்பின வாக்குகளில் சுமார் 39 விழுக்காடு குடியரசுக் கட்சியின் ஐசனோவருக்குச் சென்றதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. 1964இல் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பேரி கோல்ட்வாட்டரை அக்கட்சி வேட்பாளராக நிறுத்தியபோது, அந்த ஆதரவு சுமார் 6 விழுக்காடாகச் சரிந்தது. அப்போதிருந்து ஒன்றாக வாக்களிப்பதே கறுப்பினத்தவரின் பேரம் பேசும் வலிமையாக இருந்துவருகிறது. தன் வாழ்வு தன் இனத்தின் வாழ்வோடு பிணைந்தது என்ற இந்த உணர்வை அரசியல் அறிஞர் மைக்கேல் டாசன் பிணைந்த விதி என்று விளக்குகிறார். அந்த ஒற்றுமையிலிருந்து ஒருவர் விலகும்போது எழும் கோபத்துக்கு இத்தனை நீண்ட வரலாறு இருக்கிறது. அதை வெறும் சகிப்பின்மை என்று எழுதுவது அரைகுறையான செய்தி. ஆனால் அந்தக் கோபத்தின் சொற்களை இரவல் வாங்கும் உரிமை அதில் பங்குபெறாத நமக்கு இல்லை என்றே நான் கருதுகிறேன்.

எனவே வசை செய்தியாகும்போது, யார் சொன்னார், எங்கே, எப்போது என்பதோடு ஒருமுறை மட்டும் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். வாசகருக்குப் புரியாது என்றால் ஒரு வரியில் பொருள் சொல்லுங்கள். தலைப்பில் போடாதீர்கள், கட்டுரையின் பின்பகுதியில் உங்கள் சொந்தச் சொல்லாக மீண்டும் எடுக்காதீர்கள். நிகழ்வு உண்மையில் நடந்ததா என்றும் பாருங்கள். 2002இல் மேரிலாந்தில் ஒரு தேர்தல் விவாதத்தின்போது குடியரசுக் கட்சியின் கறுப்பின வேட்பாளர் மைக்கேல் ஸ்டீல்மீது ஓரியோ பிஸ்கட்டுகள் எறியப்பட்டதாகப் பல ஆண்டுகள் எழுதப்பட்டது. பிறகு விசாரித்தபோது, அங்கிருந்தவர்கள் சொன்னவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அத்தகைய நிகழ்வை, சாட்சிகள் முரண்படுகின்றனர் என்ற குறிப்போடுதான் எழுத வேண்டும். 2005இல் அவருடைய புகைப்படத்தைக் கறுப்புச் சாயம் பூசிய நாடகக் கோமாளியாக மாற்றி ஒருவர் இணையத்தில் வெளியிட்டதோ மறுக்க முடியாதது.

வெளியான பிறகு தவறு தெரிந்தால், சத்தமில்லாமல் சொல்லை மாற்றிவிட்டு நகராதீர்கள். எது தவறு, ஏன் தவறு, எப்போது திருத்தப்பட்டது என்ற மூன்றும் கட்டுரையின் மேலேயே தெரிய வேண்டும். என் பழைய கட்டுரையில் இன்றும் இருக்கும் திருத்தக் குறிப்பு இது: "இக்கட்டுரையின் முதல் வடிவம் நீதிபதி தாமஸை இன்னொரு நீதிபதியின் நிழல் என்று குறிப்பிட்டது. அவருடைய தீர்ப்புரைகளைப் படிக்காமல் எழுதப்பட்ட அத்தொடர் நீக்கப்பட்டு, ரைச் வழக்கில் இருவரும் எதிரெதிர் நிலை எடுத்த செய்தி சேர்க்கப்பட்டுள்ளது. வாக்குரிமை வழக்குகளில் அவர் எடுத்த நிலைப்பாட்டின் மீதான விமர்சனம் மாற்றமின்றி அப்படியே இருக்கிறது."